பெரியது ஒன்றா, சிறியவை பலவா? காற்றாலைத் திட்டத்தில் அளவும் எண்ணிக்கையும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் முதுமொழி. அந்தக் காற்றை மின்சாரமாக மாற்றுவதில் நாட்டின் முன்னோடிகளுள் ஒன்று தமிழ்நாடு. 1986-இல் தூத்துக்குடியில் 55 கிலோவாட் இயந்திரங்களுடன் தொடங்கிய முயற்சி, 1990-களில் ஆரல்வாய்மொழிக் கணவாயையும் முப்பந்தலையும் காற்றாலைக் காடாக மாற்றியது. அக்காலத்தில் நிறுவப்பட்ட இயந்திரங்கள் பல, இன்று தம் ஆயுளின் இறுதிக் கட்டத்தை எட்டியுள்ளன.

ஐதராபாத்தில் வணிகம் நடத்திவரும் வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் என்னைச் சந்தித்தார். அவருடைய தந்தையார் விட்டுச்சென்ற 250 கிலோவாட் காற்றாலை ஒன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே உள்ளது. சுற்றியுள்ள உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து பழைய இயந்திரங்களை அகற்றிவிட்டுப் பெரிய இயந்திரம் நிறுவலாம் என்கின்றனர். தம் பங்கிற்கான கடனுக்கு ஐதராபாத்திலுள்ள குடியிருப்பு வீட்டையே ஈடாக வைக்க அவர் எண்ணியிருந்தார். "பெரியது ஒன்று நல்லதா, சிறியவை பல நல்லவையா?" என்பதே அவர் வினா. வீட்டை ஈடு வைக்கும் முன் ஒவ்வொருவரும் எழுப்ப வேண்டிய வினா அது.

மெகாவாட் என்பது வருமானம் அன்று

இயந்திரத்தின் மீது எழுதப்பட்டுள்ள கிலோவாட் அல்லது மெகாவாட், அதன் உச்சத் திறனை மட்டுமே குறிக்கும். நமக்குப் பணம் தருவது, ஆண்டு முழுவதும் அது உற்பத்தி செய்யும் யூனிட்டுகளே. அதை நிர்ணயிப்பவை முக்கியமாக இரண்டு.

முதலாவது, இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பு. விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். இரண்டாவது, காற்றின் வேகம். காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், வேகம் 10 விழுக்காடு கூடினால் ஆற்றல் 33 விழுக்காடு கூடும். தரையிலிருந்து உயரச் செல்லச் செல்லப் பொதுவாகக் காற்றின் வேகம் மிகும். ஆகவேதான் கோபுரங்கள் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே வருகின்றன.

இருபத்து மூன்றுக்கு ஒன்று

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். பழைய 250 கிலோவாட் இயந்திரத்தின் சுழல்வட்ட விட்டத்தை 30 மீட்டர் என்றும், கோபுர உயரத்தையும் 30 மீட்டர் என்றும் கொள்வோம். இன்று இந்தியச் சந்தையிலுள்ள 3.15 மெகாவாட் இயந்திரம் ஒன்றின் விட்டம் 144 மீட்டர். கோபுரம் 140 மீட்டர்.

ஓர் இயந்திரத்தின் நிழற்காற்று மற்றொன்றைப் பாதிக்காதிருக்க, காற்றின் திசையில் விட்டத்தைப் போல் 7 மடங்கும், குறுக்குத் திசையில் 5 மடங்கும் இடைவெளி விடுவது பழக்கம். அதன்படி சிறிய இயந்திரத்திற்கு 150 மீட்டருக்கு 210 மீட்டர் போதும். பெரியதற்கு 720 மீட்டருக்கு 1,008 மீட்டர், அதாவது ஏறத்தாழ 180 ஏக்கர் தேவை. இந்நிலம் முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எல்லைக்குள் வேறு இயந்திரம் நிற்கலாகாது. அதே பரப்பில் சிறியவை 23 நிற்கும்.

இருபத்து மூன்றின் மொத்தத் திறன் 5.75 மெகாவாட், அவற்றை அகற்றி நிறுவும் ஒன்றின் திறனோ 3.15 மெகாவாட்தான். இது நட்டமெனத் தோன்றும். ஆனால் 23 சிறிய வட்டங்களின் மொத்தப் பரப்பும், ஒரு பெரிய வட்டத்தின் பரப்பும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு உயரத்தில் உள்ளது. சமதளத்திற்குரிய பொது விதிப்படி, 30 மீட்டரைவிட 140 மீட்டரில் காற்றின் வேகம் சுமார் 25 விழுக்காடு மிகுதி. அதன் ஆற்றலோ ஏறத்தாழ இரு மடங்கு. பலத்த காற்றின்போது பெரிய இயந்திரம் தன் உச்சத் திறனில் நின்றுவிடுமாதலால் முழு இரட்டிப்பு கிட்டாது. இருந்தும், குறைந்த மெகாவாட்டில் மிகுந்த யூனிட் பெறுவது இயலக்கூடியதே. கணவாய்ப் பகுதிகளுக்கு இப்பொது விதி அப்படியே பொருந்தாது என்பதால், அந்த இடத்திலேயே அளந்த காற்றுத் தரவு இன்றியமையாதது.

எண்ணிக்கை குறைந்தால்

புதிதாக 50 மெகாவாட் பண்ணை அமைப்பதாகக் கொள்வோம். 120 மீட்டர் விட்டமுள்ள 2.1 மெகாவாட் இயந்திரங்கள் 24 வைக்கலாம். அல்லது 144 மீட்டர் விட்டமுள்ள 3.15 மெகாவாட் இயந்திரங்கள் 16 வைக்கலாம். இரண்டும் 50.4 மெகாவாட்டே. பதினாறு எனில் அடித்தளங்கள், உட்சாலைகள், மின்வடங்கள், பராமரிப்பு நடைகள் யாவும் குறையும். எனினும் ஒன்று பழுதுபட்டால் இழப்பு 4 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காட்டிற்கு மேல் உயரும். எழுபது மீட்டர் நீள இறக்கையை ஏற்றிவரும் ஊர்தி திரும்பும் அளவுக்குச் சாலை வேண்டும். உயர்ந்த பாரந்தூக்கியும் வேண்டும். ஓரிரு இயந்திரங்களுக்காக அதனை வரவழைக்கும் செலவு, பல இயந்திரங்களிடையே பகிரப்படும்போதுதான் தாங்கக்கூடியதாகும்.

காற்றின் தன்மையும் கருதத்தக்கது. மிதமான காற்று வீசும் இடங்களில், திறனுக்கு ஒப்பிடப் பெரிய வட்டம் கொண்ட இயந்திரம் பொருந்தும். முப்பந்தல் போன்ற பலத்த காற்றுப் பகுதியில் இயந்திரத்தின் உறுதி முதன்மை பெறும். விற்பனையாளர் தரும் இயந்திரம் அவ்விடத்தின் காற்று வகுப்பிற்கு ஏற்றது என்ற சான்றும், மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளதா என்பதும் சரிபார்க்கப்பட வேண்டும்.

வங்கி எதைப் பார்க்கிறது?

திட்ட அறிக்கைகளில் பி-50, பி-90 என இரு மதிப்பீடுகள் காணப்படும். பி-50 என்பது உற்பத்தி அவ்வளவோ அதற்கு மேலோ அமைய 50 விழுக்காடு வாய்ப்புள்ள அளவு. பி-90 என்பது 90 விழுக்காடு வாய்ப்புள்ள, ஆகவே குறைவான அளவு. உதாரணமாக, 3.15 மெகாவாட் இயந்திரம் 30 விழுக்காட்டுப் பயன்பாட்டில் ஆண்டுக்குச் சுமார் 83 லட்சம் யூனிட் தரும். பி-90 அளவு 71 லட்சம் என்றால், யூனிட்டுக்கு 4 ரூபாய் விலையில் வேறுபாடு மட்டும் 48 லட்சம் ரூபாய். விற்பனையாளர் முதல் எண்ணைக் கூறுவார். தவணை இரண்டாம் எண்ணிலும் அடைபட வேண்டும். மேலும் தென்தமிழகத்தில் உற்பத்தியின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிடைப்பதால், மாதந்தோறும் சமத் தவணை என்றில்லாமல் பருவத்திற்கேற்ற தவணையைக் கேட்டுப் பெறுதல் நன்று.

பங்காளிகள் பலர், இயந்திரம் ஒன்று

பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க மத்திய அரசு 2016-இலும், திருத்திய வடிவில் 2023-இலும் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024-இல் தனிக் கொள்கை அறிவித்தது. எனினும் கொள்கையால் மட்டும் தீராதது உரிமைச் சிக்கல். இருபத்து மூவரின் நிலமும் மின் இணைப்பு உரிமையும் ஓர் இயந்திரத்தில் இணையும்போது, பங்கைப் பழைய கிலோவாட்டின் அடிப்படையில் பிரிப்பதா, பழைய யூனிட்டுகளின் அடிப்படையில் பிரிப்பதா? நல்ல காற்றில் நின்ற இயந்திரத்தின் உரிமையாளர் முதல் முறையை ஏற்கமாட்டார். கடந்த சில ஆண்டுகளின் மின்கணக்கு அறிக்கைகளை வைத்து, நிறுவனமாகவோ கூட்டாண்மையாகவோ பதிவு செய்த பின்னரே கடன் விண்ணப்பம் எழுத வேண்டும்.

நம் வாடிக்கையாளரிடம் மூன்று தாள்களுடன் மீண்டும் வருமாறு கூறினேன்: குறைந்தது ஓராண்டுக் காற்றளவீட்டைச் சார்ந்த பி-90 மதிப்பீடு, பங்குரிமை ஒப்பந்த வரைவு, அகற்றும் செலவு உள்ளடங்கிய மொத்தச் செலவுக் கணக்கு. இம்மூன்றும் ஒத்துவந்தால் எத்தனை, எவ்வளவு பெரியது என்ற வினாவிற்கு விடை தானே புலப்படும். வீட்டை ஈடு வைப்பதைப் பற்றிப் பேசுவதும் அதன் பின்னரே முறை.