இரு காதுக்கு இரு சுருதி

இடது காதில் 205 ஹெர்ட்ஸ், வலது காதில் 195. ஹெட்போனில் இரண்டையும் சேர்த்துக் கேட்டால் விநாடிக்குப் பத்து முறை அதிரும் துடிப்பு ஒன்று புலப்படும். அதை உண்டாக்குவது மூளை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் வில்ஹெல்ம் டோவே கண்டறிந்த இதற்கு 'பைனாரல் பீட்' என்று பெயர்.

இந்த ஒலியை உருவாக்கும் 'எஸ்பாஜென்' என்ற இலவச மென்பொருளின் கோப்பை நோட்பேடில் திறந்தால் '200+10' போன்ற எழுத்து வரிகள்தான் இருக்கும். பாட்டுக்கு ஸ்வரக்குறிப்பு மாதிரி! செல்போன் பிளேயரால் அதை வாசிக்க முடியாது. அதே மென்பொருளில் ஓடவிட்டு 'வேவ்' கோப்பாகச் சேமிக்க வேண்டும். சிடி தரத்தில் அது நிமிடத்துக்குப் பத்து எம்பி பிடிக்கும்.

அளவைக் குறைக்க 'ஆடாசிட்டி' என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும். தரம் குறையாமலிருக்க 'ஃபிளாக்' என்ற கோப்பு வடிவம் நல்லது. எம்பி3 வேண்டுமென்றால் உயர்ந்த பிட்ரேட்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

முக்கியமானது ஸ்டீரியோ. 'மோனோ' ஆக்கினால் இரு சுருதிகளும் கோப்பிலேயே கலந்துவிடும். மூளைக்கு வேலையே இருக்காது.

மாற்றிய கோப்பை ஹெட்போனில் போட்டு, ஒரு பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள். துடிப்பு மறைந்து சீரான சுருதி மட்டும் கேட்டால், மாற்றம் சரி.