பேடைவழி மரபும் உறைநிலை உயிரணு வங்கியும்: முத்துக்குளித்துறைக் கரையின் நாட்டுக்கோழிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அருகிவரும் கோழியினங்களைக் காக்கச் சேவலின் விந்தை உறையவைத்துச் சேமிக்கும் முறை நெடுங்காலமாக அறியப்பட்டது. எனினும் பறவைகளின் பால்நிர்ணய அமைப்பினால் தாய்வழி மரபுக்கூறுகள் அம்முறையில் விடுபட்டுப்போகின்றன. இக்குறையை நீக்கவல்ல முதல்நிலை இன உயிரணுச் சேமிப்பின் அறிவியலை விளக்கி, தூத்துக்குடிக் கடற்கரைப் பகுதியின் நாட்டுக்கோழி வளர்ப்புக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாட்டுக்கோழி, குருத்தணு, முதல்நிலை இன உயிரணு, உறைநிலைப் பாதுகாப்பு, பேடைவழி மரபு, தூத்துக்குடி

முன்னுரை

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழை, பதிவேடுகள் கண்டிராத மழையாகும். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது, ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வட்டாரங்கள் தனித்தீவுகளாயின. மாண்ட மாடுகளும் ஆடுகளும் கணக்கெடுப்பில் இடம்பெற்றன. கொல்லைப்புறக் கூடைகளிலும் மரக்கிளைகளிலும் அடைந்த கோழிகளும் ஏராளமாக மாண்டன. ஆனால் அவற்றின் இழப்பு எண்ணிக்கையாகப் பதிவாகுமே ஒழிய வகையாகப் பதிவாவதில்லை. எந்த வகைக் கோழி, எத்தனை தலைமுறையாக அவ்வீட்டில் அடைகாத்து வந்தது என்பதைக் கேட்கும் படிவம் எதுவும் நம்மிடம் இல்லை.

ஓரினம் சில ஊர்களுக்குள் மட்டும் வாழுமாயின் அதனை அழிக்க ஒரு வெள்ளமோ கோடையில் பரவும் ஒரு வெள்ளைக்கழிச்சலோ போதும். அவ்வாறு அழிந்ததை மீட்டெடுக்க வழியுண்டா என்னும் வினாவே உறைநிலை உயிரணு வங்கி என்னும் கருத்தின் தோற்றுவாய்.

சிப்பியும் முட்டையும்

இவ்வினா இக்கரைக்குப் புதிதன்று. கொற்கை முத்தின் புகழ் தொன்மையானது; ஆயினும் தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புக்குப் பின்னர்ப் பெருமளவிலான முத்துக்குளிப்பு நிகழவில்லை. சிப்பி அருகியதால் ஆய்வாளர் ஆய்வுக்கூடத்தை நாடினர். மத்தியக் கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சுவாமியும் அவருடைய குழுவினரும் 1973இல் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். 1981இல் தூத்துக்குடிப் பொரிப்பகத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை உற்பத்தி செய்தனர். கடலில் அருகிய உயிரின் வித்தினைக் கரையில் பேணும் மரபு இங்கு அரை நூற்றாண்டுக்காலத் தொடர்ச்சியுடையது.

சிப்பிக்குக் கைகூடுவது கோழிக்கு ஏன் கைகூடுவதில்லை? சிப்பியினங்களின் விந்தணுக்களை மட்டுமன்றித் தொடக்கநிலை இளவுயிரிகளையும் உறையவைக்க முடிகிறது. சிப்பியின் முட்டை கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். ஓர் உயிரணு உறையும்போது உள்ளிருக்கும் நீர் பனிப்படிகமாகிச் சவ்வைக் கிழிக்கும். அதனைத் தடுக்க, நீரை வெளியேற்றிக் காப்புப்பொருளை உட்செலுத்த வேண்டும். சிறிய உயிரணுவில் இப்பரிமாற்றம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கோழியின் மஞ்சட்கருவோ கொழுப்பும் புரதமும் செறிந்த பேருருண்டை. காப்புப்பொருள் அதன் நடுவரை செல்லாது. குளிர்ச்சியும் சீராகப் பரவாது. மேலும், நாம் கையில் எடுக்கும் முட்டை ஓர் உயிரணு அன்று. கருவுற்ற முட்டை இடப்படும்போதே அதன் மேற்பரப்பிலுள்ள வெண்புள்ளியில் பல்லாயிரம் உயிரணுக்கள் பிரிந்து நிற்கின்றன. பாலூட்டிகளில் முளைக்கருவையே உறையவைக்கலாம். பறவையில் அவ்வழி அடைபட்டுள்ளது.

சேவல் வித்தின் எல்லை

எஞ்சியது சேவலின் விந்து. இங்கு ஒரு வரலாற்று முரண் உண்டு. 1949இல் இலண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவர் கிளிசரால் உயிரணுவைப் பனியிலிருந்து காக்கும் என்று வெளியிட்டனர். அவர்கள் முதலில் ஆராய்ந்தது சேவலின் விந்தையே. சர்க்கரைக் கரைசல் என எண்ணி எடுத்த குப்பியில் கிளிசரால் இருந்தமையால் நேர்ந்த கண்டுபிடிப்பு அது. அதன் பயனை முழுமையாகப் பெற்றவை மாடுகளே. இன்று நம் சிற்றூர்களில் மக்கள் ‘சினை ஊசி’ என்று வழங்குவது அக்கண்டுபிடிப்பின் வழித்தோன்றல். கோழியிலோ, விந்தணுவைக் காத்த அதே கிளிசரால் பேடையின் கருக்குழாயில் கருவுறுதலைத் தடுத்தது. ஆகவே உருக்கியபின் அதனை அகற்ற வேண்டும். அகற்றும்போது விந்தணுக்களும் சிதைகின்றன. மாற்றுக் காப்புப்பொருள்களைக் கொண்டு நம் நாட்டினச் சேவல்களிலும் ஐதராபாத்தின் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் முதலியவை ஆய்வு செய்துள்ளன. இனத்துக்கு இனம், ஏன், சேவலுக்குச் சேவல் விளைவு வேறுபடுகிறது.

இத்தடை தொழில்நுட்பம் சார்ந்தது, நாளடைவில் நீங்கலாம். நீங்காத தடை ஒன்று உண்டு. மனிதரில் ஆணே இருவகைப் பால் குரோமோசோம் உடையவர். பறவையில் இது தலைகீழ். சேவலுக்கு இசட் குரோமோசோம் இரண்டு. பேடைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. டபிள்யூ குரோமோசோம் தாயிடமிருந்து மகளுக்கு மட்டுமே செல்லும். உயிரணுவின் ஆற்றல்மையமான மைட்டோகாண்டிரியாவின் மரபுப்பொருளும் தாய்வழியே வருகிறது. எனவே சேவல் விந்தை எவ்வளவு சேமித்தாலும் இவ்விரண்டும் அதில் இருப்பதில்லை.

அழிந்த ஓரினத்தைச் சேமித்த விந்திலிருந்து மீட்பதாகக் கொள்வோம். வேற்றினப் பேடைக்கு அவ்விந்தைச் செலுத்தினால் பிறக்கும் குஞ்சில் பழைய இனத்தின் பங்கு 50 விழுக்காடு. அக்குஞ்சு வளர்ந்தபின் மீண்டும் அதே இன விந்து, அப்போது 75. பின்னர் 87.5. ஐந்தாம் தலைமுறையில் ஏறத்தாழ 96.9. எத்தனை தலைமுறை சென்றாலும் அப்பேடைகளின் டபிள்யூ குரோமோசோமும் மைட்டோகாண்டிரியாவும் முதலில் கொண்டுவந்த வேற்றினத் தாயினுடையவையே. தோற்றத்தில் பழைய கோழி, தாய்வழியில் அயற்கோழி.

தமிழ்ச் சமூகத்தின் நினைவும் சேவலையே பேணியிருக்கிறது என்பதை இங்குக் கருதலாம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் போர்ச்சேவலுக்கு எடுத்த நடுகல் உண்டு. இந்தளூர் நடுகல்லில் ‘பொற்கொற்றி’ எனக் கோழியின் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. இன்றும் கட்டுச்சேவல் வளர்ப்போர் காகம், கீரி, மயில், செவலை, நூலான் எனச் சிறகின் நிறத்தாலும் கோட்டாலும் நுட்பமாகப் பெயரிடுகின்றனர். பேடைக்கு அத்தகைய பெயர்வளம் இல்லை. ஆனால் இலக்கணம் பேடையை மறக்கவில்லை: ‘அளகு’ என்னும் பெண்பாற்பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாகத் தொல்காப்பிய மரபியல் வரையறுக்கிறது. விந்து வங்கியை மட்டும் நம்பும் இனக்காப்பு, நடுகல் மரபின் ஒருபக்கச் சாய்வை ஆய்வுக்கூடத்திலும் தொடர்வதாகும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

முதல்நிலை இன உயிரணு

தாய்வழி, தந்தைவழி இரண்டையும் ஒருங்கே சேமிக்கக் குருத்தணு வழி திறக்கிறது. ஆயினும் குருத்தணு என்ற பொதுச்சொல் இங்குச் சற்றே தவறாக வழிநடத்தும். வெண்புள்ளியிலிருந்து எடுக்கும் முளைக்கருக் குருத்தணுக்கள், ஆய்வுக்கூடத்தில் நெடுநாள் வளர்ந்தபின் முட்டையாகவோ விந்தாகவோ மாறும் திறனை இழந்துவிடுகின்றன. இனக்காப்புக்குப் பயன்படுவன, இனப்பெருக்கத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட முதல்நிலை இன உயிரணுக்கள்.

பறவைகளில் இவற்றின் பயணம் சிறப்புடையது. அடைகாப்பின் தொடக்கத்தில் முளைக்கருவின் நடுப்பகுதியில் தோன்றும் இவை முன்விளிம்புக்கு நகர்கின்றன. குருதிக்குழாய்கள் உருவானதும் அவற்றுள் புகுந்து உடலைச் சுற்றுகின்றன. பின்னர் இனவுறுப்பு தோன்றும் இடத்தில் வெளியேறித் தங்குகின்றன. பேடையாயின் முட்டையாகவும் சேவலாயின் விந்தாகவும் முதிர்கின்றன. கோழிமுளைக்கருவின் குருதியில் இவை உலவுவதை 1914இலேயே ஸ்விஃப்ட் விளக்கியுள்ளார். இன உயிரணு குருதியில் மிதந்து வருமாயின், இரண்டரை நாள் அடைகாத்த முட்டையில் சிறு துளை இட்டு ஒரு நுண்துளி குருதியில் அதனைப் பிடித்துவிடலாம். பிறிதொரு முளைக்கருவின் குருதியில் செலுத்தினால் அது தன் இடத்தைத் தானே தேடிச்செல்லும். நவீனத் தொழில்நுட்பம் முழுவதும் இவ்வியல்பின்மீதே நிற்கிறது.

ஒரு துளியில் கிடைப்பவை மிகச்சில. அவற்றைப் பெருக்கும் வழி நெடுங்காலம் புலப்படவில்லை. 2006இல் வான் டி லவோயர் குழுவினர் இவற்றை நெடுநாள் வளர்த்து, அவற்றிலிருந்து குஞ்சு பெறலாம் என நிறுவினர். 2015இல் எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனத்தார் விலங்குச் சீரம் இன்றியே வளர்ப்பதற்குத் தேவையான வளர்ச்சிக்காரணிகளை வரையறுத்தனர். இவ்வாறு பெருக்கிய உயிரணுக்களைக் குப்பிகளில் அடைத்துத் திரவ நைட்ரஜனில், -196 பாகை செல்சியசில் வைப்பதே வங்கி. ஆண் முளைக்கருவின் உயிரணு தனியே, பெண் முளைக்கருவின் உயிரணு தனியே வைக்கப்படும். பெண் குப்பியில் டபிள்யூ குரோமோசோம் இருக்கிறது. பேடையின் மைட்டோகாண்டிரியாவும் இருக்கிறது.

குப்பியிலிருந்து கோழியை மீட்க ஏற்புப் பறவை வேண்டும். சாதாரண முளைக்கருவில் செலுத்தினால் அதற்குரிய இன உயிரணுக்களும் வளர்வதால், பிறக்கும் குஞ்சுகளில் சிலவே விரும்பிய இனமாக அமையும். ஆகவே தனக்கென இன உயிரணு இல்லாத ஏற்புப் பறவைகள் மரபணுத் திருத்தத்தால் உருவாக்கப்பட்டன. 2019இல் வுட்காக் குழுவினர் இத்தகைய பேடைகளைக் கொண்டு அரிய இனங்களின் முட்டைகளைப் பெற்றனர். 2021இல் பாலண்டைன் குழுவினர், ஏற்புச் சேவல், ஏற்புப் பேடை இரண்டையும் இணைசேர்த்து ஒரே தலைமுறையில் தூய இனக் குஞ்சுகளைப் பெற்றனர். ஐந்து தலைமுறைக் கலப்பாலும் எட்டாத தூய்மை முதற்குஞ்சிலேயே கிட்டுகிறது, தாய்வழியும் அற்றுப்போவதில்லை.

நம் சூழலுக்கு மேலும் பொருத்தமானது அடுத்து வந்த முறை. உயிரணு வளர்ப்புக்குத் தூய்மையான கூடமும் விலையுயர்ந்த வளர்ச்சிக்காரணிகளும் தேர்ந்த கைகளும் தேவை. 2022இல் ஹூ குழுவினர், ஒன்பது நாள் முளைக்கருவின் இனவுறுப்பை வளர்ப்புக்கு உட்படுத்தாமல் அப்படியே உறையவைத்து, பின்னர் அதன் உயிரணுக்களைப் பிரித்து ஏற்புப் பறவையில் செலுத்தலாம் எனக் காட்டினர். பல முளைக்கருக்களின் உயிரணுக்களைக் கலந்து ஒரே ஏற்புப் பறவைக்குள் செலுத்த முடிவதால், சில பறவைகளைக் கொண்டே பல குடும்பங்களின் மரபு வேறுபாட்டை மீட்கலாம். சேமிப்பு எளிய கூடத்தில் நடக்கலாம். சிக்கலான மீட்புப்பணி பின்னாளில் வேறிடத்தில் நடக்கலாம். இப்பிரிவினையே இம்முறையின் பெருஞ்சிறப்பு எனலாம்.

கரையோர நடைமுறை

குளிர்ச்சி நமக்குப் புதிதன்று. சினை ஊசிக்கான திரவ நைட்ரஜன் கொள்கலன்கள் கால்நடை மருந்தகங்களில் உள்ளன. 2012இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலிக் கால்நடை மருத்துவக் கல்லூரி அண்மையில் உள்ளது. தேசிய அளவில் கர்னாலில் உள்ள விலங்கு மரபுவளப் பணியகம் இனப்பதிவையும் மரபணு வங்கியையும் மேற்கொள்கிறது. கருவுற்ற முட்டை, குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஒரு வாரம்வரை அடைக்குத் தாங்கும். உமிக்கூடையில் பேருந்திலேயே கொண்டுசெல்லலாம். தடை வேறிடத்தில் உள்ளது.

முதலாவது, எதைச் சேமிப்பது என்பது. குருவுக்கோழி, பெருவிடை, கழுத்தில் சிறகற்ற கிராப்புக்கோழி, கொண்டைக்கோழி, குட்டைக்கால் கோழி என வழங்கும் பெயர்களுள் எவை தனியினம், எவை ஓரிரு மரபணுவால் அமைந்த தோற்ற வேறுபாடு என்பது முழுமையாக ஆராயப்பட வேண்டியது. கிராப்புக்கழுத்து ஒரே மரபணுவால் அமைவது. அதனை எவ்வினத்திலும் காணலாம். மறுபுறம், கொல்லைப்புறத்தில் பெண்கள் ஒரு பேடையை வைத்துக்கொள்வதா விற்பதா என முடிவுசெய்யும் அளவுகோல்கள், அதாவது அடையில் உறுதியாக அமர்தல், பருந்து வருகையில் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்தல், கிடைத்ததைக் கிளறித் தின்று முட்டையிடல் ஆகியன சேவலின் தோற்றத்தைப் பார்த்து அறியத்தக்கவை அல்ல. கண்காட்சிப் பரிசுகளைக் கொண்டு மாதிரி தேர்ந்தால் இவை நழுவிவிடும்.

இரண்டாவது, நோய். சில நச்சுயிரிகள் தாயிடமிருந்து முட்டைவழி பரவுவன. கோழி வெண்புற்று நச்சுயிரி அவற்றுள் ஒன்று. சோதியாமல் உறையவைத்தால் இனத்தோடு நோயும் சேமிக்கப்படும்.

மூன்றாவது, சட்டம். மலட்டு ஏற்புப் பறவை மரபணு மாற்றப்பட்டதாதலால் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த 1989 விதிகளுக்கு உட்பட்டது. அதன் வழி வரும் குஞ்சு ஏற்புப் பறவையின் மரபை அன்றி உயிரணு அளித்த இனத்தின் மரபையே கொண்டிருப்பினும், வளர்ப்போருக்கு அவ்வேறுபாட்டை எடுத்துரைப்பது எளிதாகாது. முட்டை அளித்தவரின் உரிமையை 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டோடு இணைத்துப் பார்க்கவேண்டும். பல பதிவேடுகளில் ‘நாட்டுக்கோழி’ என்ற ஒற்றைச்சொல் மட்டுமே இடம்பெறும் அபாயம் உண்டு.

உறைந்த குப்பி, வாழும் மந்தைக்கு மாற்றாகாது. முப்பது ஆண்டு கழித்து மீளும் கோழி, முப்பது ஆண்டு மாறிய நோய்ச்சூழலில் கண்விழிக்கும். எவ்வாறு அடைவைப்பது, எந்தத் தீவனம், எந்த மருந்து என்பவற்றை அறிந்த கைகள் அப்போது இருக்குமா என்பதும் ஐயமே. 1961க்குப் பின் வந்த தலைமுறைகளில் முத்துப்பாரின் இடமறிந்து மூழ்கும் திறன் அருகியதை இக்கரை கண்டுள்ளது. 1981இல் பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சு கிடைத்தும் பழைய முத்துக்குளிப்பு திரும்பவில்லை.

ஆகவே முதற்பணி ஆய்வுக்கூடத்துக்கு முன்னரே தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தையில் பேடைகள் முட்டையிடும் காலத்தில், தாமிரபரணிக் கடைமடை ஊர்களிலும் கடலோரக் குடியிருப்புகளிலும் வீடுவீடாக முட்டை திரட்டுவது இயலும். ஒவ்வொரு முட்டையோடும் செல்லும் அட்டையில் ஊர், நாள், சேவலின் நிறப்பெயர் ஆகியவற்றுடன், முட்டையிட்ட பேடை யாருடைய வீட்டில் எந்தப் பேடைக்குப் பிறந்தது, அவ்வீட்டார் அதனை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பனவும் குறிக்கப்பட வேண்டும். கர்னாலில் ஒரு குப்பியைத் திறக்கும் நாளில், பெண் உயிரணுவுக்குரிய ஊர்ப்பெயரையும் தாய்வழியையும் அறிய அந்த அட்டை ஒன்றே சான்றாக இருக்கும்.