பெரிய படக்கோப்புகளை இணையவழிச் சுருக்குதலும் பாட ஆய்வும்

முன்னுரை

ஓலைச்சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் மின்வருடிப் பயன்படுத்தும் ஆய்வாளர்கள், டிஃப் வடிவிலுள்ள பெரிய கோப்புகளை ஜேபெக் வடிவிற்கு மாற்ற இணையத்தளங்களை நாடுகின்றனர். மின்னஞ்சலில் அனுப்பவும் கட்டுரையில் இணைக்கவும் இம்மாற்றம் தேவையாகிறது. மாற்றத்தின்போது படத்திலிருந்து நீங்குவது எது, அது பாட ஆய்வை எவ்வாறு பாதிக்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கோப்பின் அளவு

ஏ4 தாளொன்றை அங்குலத்திற்கு 600 படப்புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் வண்ணத்தில் வருடினால், ஏறத்தாழ 3.48 கோடி படப்புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொன்றிற்கும் 3 பைட்டுகள் எனக் கொண்டால் கோப்பின் அளவு ஏறத்தாழ 104 மெகாபைட் ஆகும். 1986இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட டிஃப் வடிவம், இத்தரவு முழுவதையும் இழப்பின்றிச் சேமிக்க வல்லது.

சுருக்கும் முறை

1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, படத்தை 8×8 படப்புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டமும் கொசைன் உருமாற்றத்தால் மெதுவாக மாறும் கூறுகளாகவும் விரைந்து மாறும் கூறுகளாகவும் பகுக்கப்படுகிறது. விரைந்து மாறும் கூறுகளைக் கண் எளிதில் உணராது என்பதால் அவை தோராயமாக்கப்படுகின்றன. பல முற்றிலும் நீக்கப்படுகின்றன. நிலக்காட்சிப் படத்தில் இவ்விழப்பு புலப்படுவதில்லை. ஆனால் எழுத்தின் விளிம்பு, மெல்லிய கீறல், மெய்யெழுத்தின் புள்ளி ஆகியவை இக்கூறுகளையே பெரிதும் சார்ந்துள்ளன.

புள்ளியும் பாடமும்

0.4 மி.மீ. அகலமுள்ள அச்சுப் புள்ளி, அங்குலத்திற்கு 300 என்ற நுணுக்கத்தில் ஏறத்தாழ 5 படப்புள்ளிகளில் அடங்கும். நுணுக்கம் 100 ஆகக் குறைந்தால் 2 படப்புள்ளிகளைக்கூட எட்டாது. மேலும், கடுமையாகச் சுருக்கும்போது எழுத்துகளைச் சுற்றிப் பொய்த்துகள்கள் தோன்றுவதுண்டு. புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகவும், துகள் சேர்ந்தால் உயிர்மெய் மெய்யாகவும் வாசிக்கப்படலாம். இவ்வாறு, ஏடெழுதியவரோ அச்சிட்டவரோ செய்யாத ஒரு பாடவேறுபாடு உருவாகிவிடும். ஓலைச்சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அங்கு எழுத்துக்கீறலையும் பூச்சி அரிப்பையும் வேறுபடுத்தி அறிவதே கடினமாகிவிடும்.

இணையவழி மாற்றத்தின் இயல்பு

மாற்றித்தரும் தளங்கள் இருவகைப்படும். ஒருவகை, கோப்பைத் தன் வழங்கிக்குப் பெற்று மாற்றித் தருவது. மற்றொன்று, பயனரின் உலாவியிலேயே மாற்றுவது. முன்னதில் கோப்பின் படி பிறர் கணினியைச் சென்றடைகிறது. நூலகம் நிபந்தனையுடன் அளித்த சுவடிப் படங்களுக்கு இது பொருந்தாது. அன்றியும், பல பக்கங்களை ஒரே கோப்பாகக் கொண்ட டிஃப்பை ஜேபெக் ஒரே கோப்பில் ஏற்பதில்லை. ஆதலின் பக்க எண்ணிக்கையைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

பின்பற்றத்தக்க நெறிகள்

1. மூல டிஃப் கோப்பை அழிக்காமல் இரண்டு இடங்களிலேனும் பாதுகாத்தல்.
2. அளவு மட்டுமே இடராயின், எல்இசட்டபிள்யூ போன்ற இழப்பற்ற சுருக்கத்தை முதலில் கையாளுதல்.
3. ஜேபெக் படியைத் திருத்தி மீண்டும் மீண்டும் சேமிக்காமல், ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே புதிய படி எடுத்தல்.
4. நிபந்தனைக்குட்பட்ட படங்களை இமேஜ்மேஜிக், கிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு தம் கணினியிலேயே மாற்றுதல்.
5. ஐயத்திற்குரிய எழுத்துகளை மூலக்கோப்புடன் ஒப்பிட்ட பின்னரே பாடத்தை முடிவு செய்தல்.

முடிவுரை

சுருக்கப்பட்ட படம் பகிர்வதற்கும் விரைந்து பார்ப்பதற்கும் உரியது. பாடத்தை உறுதிசெய்வதற்கு உரியதன்று. பதிப்பாசிரியர் தாம் எந்த வடிவிலான படத்தைக் கொண்டு பாடம் கண்டார் என்பதையும் பதிப்புரையில் குறிப்பிடுவாராயின், பின்வரும் ஆய்வாளர் அப்பாடத்தின் நம்பகத்தன்மையை அளவிட இயலும்.