பப்பாளிப் பாலும் எலும்பு நொதியும்

குன்னூர் மலைப்பாதையின் கீழ்ப்பகுதியில் அமைந்த பர்லியார், 1871இல் தொடங்கப்பட்ட பழப்பண்ணையால் பெயர்பெற்ற ஊர். மங்குஸ்தான், துரியன் முதலிய அயல்நிலத்து மரங்கள் அங்கே வேரூன்றின. அங்கிருந்து மலையிறங்கினால் வரும் கோயம்புத்தூரில் ஆராயப்பட்டதும் அயல்நிலத்திலிருந்து வந்த ஒரு மரமே, அது பப்பாளி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2, கோ 5 வகைகள் காயில் வடியும் பாலுக்காகவும் வளர்க்கப்படுகின்றன. அப்பாலில் உள்ள பப்பைன் என்னும் நொதி புரதத்தை வெட்டும். இறைச்சி மென்மையாக வேகப் பப்பாளிக்காய்த் துண்டைச் சேர்ப்பது இதனால்தான். வேதியியல் படிக்காமலேயே சமையலறை கண்ட உண்மை இது.

பப்பைனின் உறவு நொதியொன்று மனித எலும்பிலும் செயல்படுகிறது. அதன் பெயர் கேத்தெப்சின் கே. எலும்பு கல்லைப்போல் மாறாதிருப்பதன்று. பழையது கரைவதும் புதியது அமைவதும் வாழ்நாள் முழுதும் நிகழ்கின்றன. கரைக்கும் பணி ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களுடையது. அவை எலும்பின்மீது ஒட்டிக்கொண்டு, அமிலத்தைச் சுரந்து கால்சியம் உப்பைக் கரைக்கின்றன. அப்போது வெளிப்படும் கொலாஜன் இழைகளைக் கேத்தெப்சின் கே வெட்டுகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், ஆக்கத்தை அழிவு விஞ்சுகிறது. சிறு தடுமாற்றத்திலும் இடுப்பெலும்பு முறியும் எலும்புப்புரை நோய் இவ்வாறு தோன்றுகிறது.

வெட்டும் கத்தியை மழுங்கச் செய்தால் என்ன? இந்நொதியின் வெட்டுமுனையில், பப்பைனில் உள்ளதைப் போலவே, சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் உள்ளது. அதைப் பற்றிக்கொள்ளும் ஓடனகாட்டிப் என்னும் மருந்தை மெர்க் நிறுவனம் உருவாக்கியது. 16,000க்கும் மேற்பட்ட மூத்த பெண்கள் பங்கேற்ற ஆய்வில் இடுப்பெலும்பு முறிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எனினும் மருந்து உண்டோரிடையே பக்கவாதம் மிகுந்திருந்தது. 2016இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. எலும்பைக் காத்தது என்பதற்காக மூளைக்கு வரும் கேட்டைப் பொறுத்துக்கொள்ள இயலாது.

நொதியை முற்றிலும் அடக்குவதும் நன்றன்று. கேத்தெப்சின் கே இல்லாமலே பிறப்போர் அரிதாக உண்டு. அவர்களுடைய எலும்பு அடர்ந்திருந்தும் எளிதில் முறியும். அதற்கு இந்நொதியின் மரபணுக் குறையே காரணம் என்பது 1996இல் தெரியவந்தது.

நொதியைத் தடுக்கும் வழி அத்துடன் அடைபட்டுவிடவில்லை. இன்று மருத்துவர் பரிந்துரைக்கும் அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் ஆகியன ஆஸ்டியோகிளாஸ்டுக்குள் இருக்கும் வேறொரு நொதியைத் தடுக்கின்றன. அவை எலும்பின் தாதுவிலேயே ஒட்டிக்கொள்பவை. ஆதலால் எலும்பைக் கரைக்கவரும் செல், அதனோடு மருந்தையும் தானே உட்கொள்கிறது.