கெராங் ஓட்டின் தாகம்

மழை பிடித்துக்கொண்டதும் கிள்ளானில் பல வீட்டு அலமாரிகளுக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா போய் உட்கார்ந்துவிடும். பட்டுப்புடவையில் பூஞ்சை பூக்காமல் காக்கத்தான். மேல்தட்டில் வெள்ளை உருண்டைகள் இருக்கும். சில வாரங்களில் அவை கரைந்து, அடித்தட்டில் தண்ணீர் தளும்பும். அந்த உருண்டை கால்சியம் குளோரைடு. அதற்கு வேண்டிய கால்சியத்தையோ, கெராங் எனும் சிப்பியைச் சாப்பிட்டு எழுந்த மேசைகளிலிருந்து தினமும் கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புகிறோம்.

கெராங் ஓட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் கால்சியம் கார்பனேட். பத்துமலைப் பாறையும் அடிப்படையில் இதே பொருள்தான். ஆனால் ஓட்டை வெறுமனே பொடித்து வைத்தால் ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. தாகம் வர வேண்டுமானால் அதைச் சுட வேண்டும், இல்லையேல் அமிலத்தில் கரைக்க வேண்டும்.

சுடுவது நமக்குப் பழக்கமான வேலை. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீர் தெளித்து நீற்றித்தான் வெற்றிலைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு எடுத்தார்கள். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சுமார் 900 பாகை செல்சியஸில் சுட்டால், 44 கிராம் கரியமில வாயுவாகப் போய்விடும்; மீதி 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு. அது 18 கிராம் தண்ணீரைக் குடித்து நீறும். ‘நீறுதல்’ என்று பாட்டிமார் சொன்ன சொல்லுக்குள்ளேயே இந்த ஈரம் குடிக்கும் வேலை இருக்கிறது. ஜப்பானியக் கடற்பாசிப் பொட்டலங்கள் பலவற்றில் கிடக்கும் ‘சாப்பிடாதீர்கள்’ பையிலும் சுட்ட சுண்ணாம்புதான். தண்ணீர் பட்டால் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வீட்டு அடுப்பில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

அமில வழியில், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓடு நுரைத்துக் கரையும். வடிகட்டி வற்றவைத்தால் கால்சியம் குளோரைடு கிடைக்கும். நம் ஊர்க் காற்றில் அது தன் எடையைவிட அதிகமான நீரை இழுத்துவிடும். இறால் ஓட்டில் இன்னொரு லாபம் உண்டு. அதிலிருந்து கைட்டின் எடுக்கும்போது, ஓட்டிலுள்ள கால்சியத்தை முதலில் இதே அமிலத்தால் கழற்றுவார்கள். வடித்துக் கொட்டும் அந்த நீரிலேயே கால்சியம் குளோரைடு இருக்கிறது. கைட்டினைப் பக்குவப்படுத்திய கைட்டோசானிலிருந்தும் நீரை உறிஞ்சிப் பிடிக்கும் கூழ்மங்கள் செய்ய முடியும்.

செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கெராங் ஓட்டின் தாதுக்களை 2007இல் அளந்து, எலும்புச் சிகிச்சைக்கு உதவுமா என்று பார்த்தார்கள். 2012இல் அதே ஓட்டிலிருந்து நானோ அளவுத் துகள்கள் செய்யும் முறையை வெளியிட்டார்கள். அலமாரி டப்பாவுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையே இல்லை. என் கணிப்பில், கஷ்டம் வேதியியலில் இல்லை, வாளியில் இருக்கிறது. சம்பலும் எலும்பும் டிஷ்யூ தாளும் கலந்த ஓட்டை யார் பிரித்துக் கழுவுவது? கடைக்குக் கடை ஓட்டுக்கென்று தனி வாளி வைத்தால், அன்றிரவே அலசிக் காயவைத்துவிடலாம். ஓட்டைச் சுட்டாலும் அமிலத்தில் கரைத்தாலும் கரியமில வாயு வெளியேறத்தான் செய்யும். அதை மறைக்க வேண்டியதில்லை. மிச்சமாவது, வெடி வைத்து உடைக்க வேண்டிய சுண்ணாம்புக்கல்.

வேலை முடிந்த பிறகும் ஒரு வேறுபாடு இருக்கிறது. டப்பாவில் தேங்கும் கால்சியம் குளோரைடு நீரைச் செடிக்கு ஊற்றினால் வேர் கருகும். ஈரம் குடித்து நீறிய ஓட்டுச் சுண்ணாம்போ, கேரித்தீவு போன்ற கடலோரங்களின் புளித்த மண்ணுக்கு மருந்து.