ஸ்பானியம் பேசும் குழந்தைகளும் அறிவாற்றல் சோதனை மதிப்பெண்ணும்

அறிவாற்றல் சோதனை அறிக்கையில் நீங்கள் காணும் எண், குழந்தை சரியாகக் கூறிய விடைகளின் எண்ணிக்கை அன்று. அதே வயதுடைய குழந்தைகள் பலரின் விடைகளோடு ஒப்பிட்டு அது கணக்கிடப்படுகிறது. வெக்ஸ்லர் சோதனைகளில் சராசரி 100. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 85 முதல் 115 வரை பெறுவர்.

ஒப்பிடும் குழு பொருந்தாவிடில் என்ன நேரும்?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஸ்பானியம் பேசிய குழந்தைகள் சிலர் ஆங்கிலச் சோதனையின் அடிப்படையில் அறிவுத்திறன் குறைந்தோருக்கான வகுப்பில் சேர்க்கப்பட்டனர். ஸ்பானியத்தில் மீண்டும் சோதித்தபோது பெரும்பாலோரின் மதிப்பெண் உயர்ந்தது. 1970ஆம் ஆண்டின் டயானா வழக்கு, குழந்தையின் தாய்மொழியிலும் சோதிக்க வழிசெய்தது.

மொழிபெயர்ப்பு மட்டும் போதுமா?

போதாது. எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 1 முதல் 9 வரை, ஏழைத் தவிர அனைத்தும் ஓர் ஒலியசைச் சொற்கள். ஸ்பானியத்தில் 'குவாத்ரோ' (4), 'சிங்கோ' (5), 'ஓச்சோ' (8) எனப் பல எண்கள் ஈரசை கொண்டவை. நீண்ட சொற்களை வரிசையாக நினைவில் நிறுத்துவது கடினம். ஆகவே, ஸ்பானியம் பேசும் குழந்தைகளிடமிருந்தே திரட்டிய ஒப்பீட்டு அளவுகள் தேவை. மெக்சிகோவில் ஒரு மொழியில் பயிலும் குழந்தையும், அமெரிக்காவில் இருமொழியில் வளரும் குழந்தையும் ஒரே நிலையினர் அல்லர்.

உளவியலாளரிடம் கேளுங்கள்

• சோதனை எம்மொழியில் நடத்தப்பட்டது?
• எந்நாட்டுக் குழந்தைகளோடு ஒப்பிடப்பட்டது?
• வீட்டுமொழியும் பள்ளிமொழியும் கருத்தில் கொள்ளப்பட்டனவா?

ஓர் எண்ணை மட்டும் கொண்டு குழந்தையின் கல்வியை முடிவு செய்யாதீர்கள். ஐயம் இருப்பின் மறுமதிப்பீடு கோருங்கள்.