பணிக்குத் திரும்பும் மனம்

கடலூர் சிப்காட் ஆலைகளிலிருந்தும் சிதம்பரத்தின் கடைகள், அலுவலகங்களிலிருந்தும் சிகிச்சைக்கு வருவோர் வீடு திரும்பும் நாளில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: மீண்டும் எப்போது வேலைக்குச் செல்லலாம்? உடல் தேறும் காலத்தை மருத்துவர் ஓரளவு கணித்துக் கூறலாம். மனம் தேறும் காலம் அவ்வாறு எளிதில் கணிக்கத்தக்கதன்று.

பணியாளரின் மனவலிமையை ஆராய்ந்த அமெரிக்க மேலாண்மை அறிஞர் ஃபிரெட் லூத்தன்ஸ் அதில் நான்கு கூறுகளைக் கண்டார்: இலக்கை அடைய வழி தேடும் நம்பிக்கை, ‘என்னால் இயலும்’ என்னும் தன்திறன் உணர்வு, மீண்டெழும் ஆற்றல், நன்மையை எதிர்நோக்கும் மனப்பாங்கு. இவை பயிற்சியால் வளரக்கூடியவை என்பது அவர் கருத்து.

இவற்றுள் தன்திறன் உணர்வே நோயாளியின் குடும்பத்தாருக்கு மிகவும் பயன்படும் என எண்ணுகிறோம். 1977-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா விளக்கியவாறு, இவ்வுணர்வு அறிவுரையால் வளர்வதைவிட, ஒரு செயலைத் தாமே செய்து முடிப்பதால் மிகுதியாக வளர்கிறது. ஆகவே மாரடைப்பிலிருந்து தேறியவரிடம் ‘தைரியமாக இருங்கள்’ என்று பலமுறை கூறுவதைவிட, மருத்துவர் அனுமதித்த அளவில் தெருமுனை வரை நடக்கவும், வீட்டுக் கணக்கை எழுதவும் விடுவது மேல். அன்பு மிகுதியால் அனைத்தையும் நாமே செய்து கொடுத்தால், அவர் தம் திறன்மீதே ஐயம் கொள்ள நேரும்.

மீண்டெழுதலை இம்மாவட்டத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004-இல் ஆழிப்பேரலை, 2011-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம். ஒவ்வொரு முறையும் மக்கள் எழுந்தது தனி மனவுறுதியால் மட்டுமன்று. உறவும் அயலும் அரசும் கைகொடுத்ததால். பணியிடத்திலும் அவ்வாறே. நெடுநாள் பணி அழுத்தத்தால் உண்டாகும் சோர்வைப் பணிச்சூழல் சார்ந்த நிலை என்றே உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. ஓயாத பணிச்சுமையை ஒருவர் மனத்திடத்தால் மட்டுமே தாங்க வேண்டும் என எதிர்பார்ப்பது முறையாகாது. முதல் சில வாரங்களுக்கு இரவுப் பணியைத் தவிர்க்குமாறு மருத்துவரிடம் எழுதி வாங்கி மேலாளரிடம் அளிப்பதில் தயக்கம் வேண்டா.

ஊதியம் போய்விடுமோ என்னும் அச்சமே பலரை அவசரமாகப் பணிக்குத் துரத்துகிறது. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர், சந்தா நிபந்தனை நிறைவேறியிருப்பின், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்கால உதவியாகப் பெறலாம். அதற்கு மருத்துவச் சான்றிதழை இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் உரிய காலத்தில் பெறுதல் அவசியம்.

இரவில் நோயாளியின் அருகில் விழித்திருந்து, காலையில் தம் பணிக்குச் செல்லும் துணைவரும் பணியாளரே. இரவுக் காவலை உறவினருடன் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். உறக்கமின்மையோ துயரமோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். 14416 என்னும் டெலிமானஸ் இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.